பிழைக்கு நூறு ரூபாய்

கொழும்பில் இருந்துகொண்டு துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைக்கிறோம் என்றால் ஆட்கள் முதலில் சிரிப்பார்கள். நியாயமான சிரிப்புத்தான். ஏப்ரல் மாதம் வெள்ளவத்தையில் இரவு 11 மணிக்கும் மின்விசிறி சூட்டுக் காற்றைத்தான் தள்ளிக்கொண்டிருக்கும். அதற்குள் மூன்று அடுக்குத் துணி யாருக்குத் தேவை? "நுவரெலியாவுக்குக் கொண்டுபோய் வித்தா காசு வரும்" என்பது என் வீட்டுக்காரரின் நிரந்தர ஆலோசனை. அந்த 'வித்தா'வைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

போன போயா விடுமுறையை ஒட்டி நாங்கள் ஏழு பேர் கல்கிசையில் ஒரு தோழியின் வீட்டில் இரண்டு இரவு தங்கித் தைத்தோம். வெளிநாட்டில் இதற்கு குவில்டிங் ரிட்ரீட் என்று பெயர். எங்களுடையது நான்கு தையல் மெசின், இரண்டு அயன், ஒரு சாப்பாட்டு மேசை. முதல் நாள் காலையிலேயே இரண்டு அயனையும் ஒன்றாகப் போட்டு ட்ரிப் சுவிட்ச் விழுந்து, வீடே இருண்டது. அதற்குப் பிறகு அயனுக்கு வரிசை வைத்தோம்.

பகலில் தையல். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொருவரும் தான் செய்ததைத் தூக்கிக் காட்ட வேண்டும். இந்தக் காட்டும் நேரத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் எழும்பியது எங்கள் எல்லோருக்கும் மூத்த அக்கா. கையில் ஒரு தொட்டில் விரிப்பு. ஒன்பது ஒன்பது சதுரமாகச் சேர்த்த சின்னக் கட்டங்கள், ஒரு வெளிர் பச்சை, ஒரு மஞ்சள். அவ்வளவு வடிவு. அதை முழுதாக விரிக்க முன்னமே, "ஐயோ, ஒண்டும் நினைக்காதேங்கோ பிள்ளையள், மூலையெல்லாம் பிழையா வந்திட்டுது" என்று தொடங்கினா. பிறகு எந்த மூலை என்று விரல் வைத்துக் காட்டினா. அதுவரை எங்கள் கண்ணில் படாத மூலை. காட்டிய பிறகு அந்த மூலையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

அடுத்தவ: "இது சும்மா, மிஞ்சின துணியில செய்தது." அதற்கடுத்தவ: "நான் இதைக் கொண்டு வந்திருக்கவே கூடாது." ஆறு மாதம் இரவிரவாகத் தைத்ததை ஆறு வினாடிக்குள் குப்பையாக்கிவிட்டுத்தான் காட்டவே தொடங்குகிறோம். எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. நூல் வைத்திருந்த பிஸ்கட் பேணியைக் காலி செய்து மேசை நடுவில் வைத்தேன். இனிமேல் பிழையைச் சொல்லித் தொடங்குகிறவர் 100 ரூபாய். 'சும்மா' என்ற சொல்லுக்கும் 100. அந்த ஒரு இரவிலேயே 900 ரூபாய் விழுந்தது. ஒரு ஆள் மட்டும் 300. பெயர் சொல்லமாட்டேன், இந்தப் பதிவை வாசிப்பா.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கென்றால் நேரே பள்ளிக்கூடத்துக்குத்தான் போகிறது. மனைப்பொருளியல் படித்தவர்களுக்குத் தையல் மாதிரிகள் ஒட்டும் அந்தக் கொப்பி ஞாபகம் இருக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வெள்ளைத் துணித்துண்டு ஒட்டி, ஓடுதையல், பின்தையல், சங்கிலித் தையல், பொத்தான் துளை என்று கீழே பெயர் எழுத வேண்டும். டீச்சர் துண்டைத் திருப்பிப் பார்ப்பா. முன்பக்கத்தை அல்ல, பின்பக்கத்தை. முடிச்சுத் தெரிந்தால் கத்தரிக்கோலை எடுத்து, எங்கள் கண் முன்னாலேயே வெட்டி, "திரும்பத் தை." பொத்தான் துளையை நான் நான்கு தடவை தைத்தேன். நான்காவது தடவை கொப்பியை நீட்டும்போதே "இதுவும் சரியில்லை டீச்சர்" என்று நானே சொல்லிவிட்டேன். அவ சொல்ல முன்னம் நான் சொன்னால் வலி குறைவு. அன்றைக்குத் தொடங்கியது. இப்போது எனக்கு 52 வயது, டீச்சரும் இல்லை, புள்ளியும் இல்லை. ஆனாலும் தைத்ததைத் தூக்கினால் வாய் தானாக அதைத்தான் சொல்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. 'ஒட்டு' என்ற சொல்லே எங்கள் ஆட்களுக்குக் கூச்சம். ஒட்டுப்போட்ட சட்டை என்றால் இல்லாத வீட்டுச் சட்டை. துண்டு துண்டாகச் சேர்த்துத் தைத்ததைக் கொண்டுபோய் ஒருவருக்குப் பரிசாகக் கொடுத்தால், புதுத் துணி வாங்க வழியில்லையோ என்று நினைப்பார்களோ என்ற பயம் உள்ளுக்குள் கிடக்கிறது. இதைச் சொன்னபோது நுகேகொடையிலிருந்து வந்த சிங்களத் தோழி சிரித்தாள். பிக்குமார் உடுத்தும் காவித் துணி, அந்தச் சீவரமே துண்டுகளை இணைத்துத் தைத்ததுதானே என்றாள். மகத நாட்டு வயல்களையும் வரம்புகளையும் காட்டி, இந்த மாதிரித் துணியை அமைக்க முடியுமா என்று புத்தர் தன் சீடர் ஆனந்தரிடம் கேட்டார் என்று பிக்குமாரின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் வினய நூலில் வருகிறது. சீவரத்தை அருகில் பார்த்தால் அந்த வரம்புகள் தெரியும். மழைக்காலம் முடிய பிக்குமாருக்குச் சீவரம் கொடுக்கும் 'கட்டின' பூசைக் காலத்தில் துணியை வெட்டி, தைத்து, சாயம் போட்டு ஒரே நாளில் முடித்துக் கொடுப்பார்கள். வாழ்நாள் முழுக்க இந்த ஊரில் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒட்டுத்துணி என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்றொரு ஆற்றங்கரைக் கிராமம். அங்குள்ள கறுப்பினப் பெண்கள், வயலில் உடுத்துத் தேய்ந்த டெனிமையும் பழைய சட்டைகளையும் கிழித்துக் குளிருக்குப் போர்வை தைத்தார்கள். கோடுகள் வளையும், ஒரு பக்கம் அகலும், ஒரு பக்கம் ஒடுங்கும். 2002 இல் அவை ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் நியூயோர்க் விட்னி அருங்காட்சியகத்திலும் சுவரில் தொங்கின. 2006 இல் தபால் முத்திரையிலும் வந்தன. எங்கள் மூத்த அக்காவுக்கு அந்தப் படங்களை ஃபோனில் காட்டினேன். நெடுநேரம் பார்த்தா. "என்ர மூலை இதைவிட நேர்தான்" என்றா. அதற்கு 100 ரூபாய் வாங்குவதா விடுவதா என்று ஒரு பெரிய வாக்குவாதம் நடந்தது.

சரி, பிழையைப் பற்றியே கதைக்கக் கூடாதா என்று ஒருத்தி கேட்டாள். கதைக்கத்தான் வேண்டும். அவளுடைய சிக்கல் இது: இரண்டரை அங்குலச் சதுரங்கள் எட்டை ஒரு வரிசையாகச் சேர்த்தால், தையலுக்கு ஒவ்வொரு துண்டிலும் கால் அங்குலம் போக, 16½ அங்குலம் வர வேண்டும். அவளுக்கு ஒரு அங்குலத்துக்குக் கிட்டக் குறைந்தது. துணியை வைத்து அளந்து பார்த்தோம். ஒவ்வொரு தையலிலும் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடுதலாக உள்ளே போயிருக்கிறது. அது இரண்டு துண்டிலும் போகும், ஆகவே தையலுக்கு எட்டில் ஒன்று. ஏழு தையலுக்கு அங்குலத்தில் எட்டில் ஏழு. கண்ணுக்குத் தெரியாத பிழை ஏழு தடவை சேர்ந்தால் வரிசையே பொருந்தாது. மெசின் தட்டில் கால் அங்குலத்துக்கு ஒரு துண்டு டேப் ஒட்டினோம், முடிந்தது. இதற்குப் பேணி கிடையாது. 'இது ஏன் இப்படி வந்தது' என்று கேட்டால் ஏழு பேரும் மேசையைச் சுற்றி வந்துவிடுவார்கள். 'மன்னித்துக்கொள்ளுங்கள்' என்றால், 'இல்லையில்லை நல்லாத்தான் இருக்கு' என்பதைத் தவிர மற்றவர்களுக்கு வேறு வழியே இல்லை. பொய் சொல்ல வைக்கிறோம்.

சூட்டுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு: நடு அடுக்குக்குப் பஞ்சுத் தாள் வைப்பதை நாங்கள் விட்டுவிட்டோம். துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்திப் படுக்கை விரிப்பே போதும். வங்காளத்தில் காந்தா என்ற போர்வைக்குப் பழைய சேலைகளை அடுக்கி ஓடுதையல் போடுவார்கள், பஞ்சே இல்லை. எங்கள் காற்றுக்கு அதுதான் சரி. கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் ஊசிகளை எண்ணெய்த் துணியில் சுற்றி வையுங்கள், உப்புக்காற்றில் துருவேறிவிடும். துணிக்குப் புறக்கோட்டை கெய்சர் வீதி, இல்லாவிட்டால் பமுனுவ.

இப்போது அந்த 'வித்தா'. இரண்டாம் நாள் மாலை வீட்டுக்காரத் தோழியின் உறவினர் ஒருவர் வந்து, விரித்துக் கிடந்ததையெல்லாம் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் "உதுக்கு என்ன விலை சொல்லலாம்?" என்று கேட்டார். நல்ல மனிதர், பாராட்டாகத்தான் கேட்டார். ஆனால் 80 மணித்தியாலத்துக்கு என்ன கூலி என்று நாங்கள் கணக்குப் பார்க்கத் தொடங்கியதும் மேசையில் ஊசி ஓடவில்லை. தையலை நம்பிச் சீவிக்கிற பெண்கள் விலை கேட்கத்தான் வேண்டும், அடித்துக் கேட்க வேண்டும். பேரப்பிள்ளையின் தொட்டிலுக்குத் தைத்ததைப் பார்த்துக் கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை. விருந்தாளி என்பதால் பேணியை அவர் பக்கம் நகர்த்தவில்லை.

கடைசி இரவு என் முறை வந்தது. சிவப்புக் கைத்தறியும் வெள்ளையும் சேர்த்துத் தைத்த மேசை விரிப்பு. சட்டம் போட்டவளே நான், ஆகவே வாயை இறுக்கிப் பூட்டிக்கொண்டு தூக்கிப் பிடித்தேன். ஒரு சொல் சொல்லவில்லை. கஷ்டமாக இருந்தது. மருதானைத் தோழி கிட்ட வந்து தடவிப் பார்த்தாள். "இந்த இளம் ரோஸ் துணி எங்க எடுத்தது? இப்படி மேகம் மாதிரி நிறம் நான் தேடிக்கொண்டு திரியிறன்."

நான் பேணிக்குள் 100 ரூபாயைப் போட்டேன். பிறகு சொன்னேன்: அது ரோஸ் இல்லை. சிவப்பைத் தனியாக ஊறப்போட்டுச் சாயம் போகுதா என்று பார்க்காமல் தைத்து, கழுவியபோது வெள்ளையெல்லாம் குடித்துக்கொண்டது.

அவள் நம்பவில்லை. கடையை மறைக்கிறேன் என்று நினைக்கிறாள். நேற்றும் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள், பமுனுவவில் எந்தப் பக்கம் என்று.