பெயரைப் போட்டால் என்ன குறைந்துவிடும்?

நம் காமிக்ஸ் ரசிகர்கள் போட்ட அந்தப் போஸ்டர் விவகாரம் எல்லாருக்கும் தெரியும். நான் கேட்டதையும் அதற்கு வந்த பதிலையும் பார்த்திருப்பீர்கள். "விடுங்க சார்" என்று இன்பாக்ஸில் ஆறுதல் சொன்ன நண்பர்களுக்கு நன்றி. விடுவதாக இல்லை.

கேட்டது ஒரே கேள்விதான். காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவியைப் போஸ்டரில் போட்டிருக்கிறீர்கள், டி-சர்ட்டில் அச்சடித்து விற்கிறீர்கள், ஓரமாக வரைந்தவர் பெயரைப் போடலாமே? பதில்: "சின்னப்பசங்க பொம்மைப் புத்தகம் சார். யார் வரைஞ்சா என்ன?" கூடவே வரிசையாகச் சிரிப்பு இமோஜி.

யார் வரைந்தார் என்று சொல்கிறேன். ஹெசூஸ் பிளாஸ்கோ. பார்சிலோனாக்காரர். லண்டனில் ஃப்ளீட்வே நிறுவனம் 1962 அக்டோபரில் 'வேலியன்ட்' வார இதழைத் தொடங்கியபோது முதல் இதழிலேயே வந்த தொடர் 'ஸ்டீல் க்ளா'. அதுதான் 1972இல் தமிழில் 'இரும்புக்கை மாயாவி'யாக, முத்து காமிக்ஸ் வெளியீட்டின் முதல் புத்தகமாகச் சிவகாசியிலிருந்து நம் கைக்கு வந்தது.

மின்சாரம் பாய்ந்ததும் மாயாவியின் உடம்பு மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் தெரியும். படிக்க ஜாலியாக இருக்கிறது. வரைகிறவன் கதியை யோசித்தீர்களா? கதாநாயகனுக்கு முகம் கிடையாது, கண் கிடையாது, நிற்கிற தோரணை கிடையாது. அந்தரத்தில் ஒரு கை. அவன் எங்கே நிற்கிறான், எவ்வளவு கோபத்தில் இருக்கிறான் என்பதை விரல் மடங்குகிற விதத்திலும் எதிரே இருப்பவன் முகத்து மிரட்சியிலும் சொல்ல வேண்டும். கறுப்பு மையும் மட்டமான தாளும்தான் கையிருப்பு. சொல்லிவிட்டாரே! அவர் பெயரைப் போடுங்கள் என்றால் சிரிப்பு வருகிறது.

"அவங்க ஊர்லயே அப்போ பெயர் போடலையே" என்று ஒருவர் மடக்கியிருந்தார். ஆமாம், போடவில்லை. ஓவியர் கையெழுத்து வைத்தால் அதன் மேல் வெள்ளை பூசி அச்சுக்கு அனுப்புவது வழக்கமாகவே இருந்தது. 'பீனோ', 'டேண்டி' என்ற பிள்ளைகள் காமிக்ஸ் இதழ்களை நடத்திய, ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்து டி.சி. தாம்சன் நிறுவனத்தில் கையெழுத்துப் போடும் சலுகை ஓவியர் டட்லி வாட்கின்ஸ் போன்ற வெகுசிலருக்கே அபூர்வமாகக் கிடைத்தது. பீனோவில் 'மின்னி த மின்க்ஸ்', 'பேஷ் ஸ்ட்ரீட் கிட்ஸ்' என்ற இரண்டு தொடர்களையும் உருவாக்கிய ஓவியர் லியோ பேக்ஸண்டேல் அவற்றின் உரிமைக்காகப் பின்னாளில் ஏழு வருஷம் வழக்கு நடத்தி, 1987இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமானார். மின்னி இன்றும் பீனோவில் வருகிறாள். ஒருவன் அநியாயம் செய்தான் என்பது நாமும் செய்வதற்கு அனுமதிச் சீட்டா?

தமிழ் காமிக்ஸில் நாம் படித்த நம்ம ஸ்பைடரை (ஸ்பைடர்மேன் இல்லை) எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனில் வந்த 'லயன்' இதழில் டெட் கோவன் தொடங்கிய அந்தக் கதையை அப்புறம் எழுதியவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர், 130 டாலருக்கு அதன் உரிமை கைவிட்டுப்போய், வாழ்நாளெல்லாம் அதற்காக அலைந்தவர். அந்த மனுஷன் லண்டன் இதழுக்கு எழுதியபோதும் பெயர் கிடையாது. இதைப் படித்துவிட்டும் "யார் எழுதினா என்ன" என்பீர்களா? என்பீர்கள்.

என் சித்தப்பா கடைகளுக்குப் போர்டு எழுதியவர். எந்தப் போர்டாக இருந்தாலும் கீழ் மூலையில் பொடி எழுத்தில் தன் பெயரைப் போட்டுவிடுவார். ஒரு அடகுக் கடைக்காரர், "என் கடையில உன் பேர் எதுக்கு? அழிச்சாத்தான் பாக்கி" என்றார். சித்தப்பா ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பாக்கி வரவே இல்லை. சித்தி அன்று திட்டிய திட்டு எனக்கு இன்னும் மறக்கவில்லை. இதெல்லாம் உங்களுக்கு ஈகோ என்று தோன்றலாம்.

"சம்பளம் வாங்கினாங்க இல்ல?" வாங்கினார்கள். சம்பளம் வாங்குகிற டாக்டர் பெயரைப் போர்டில் போடுவதில்லையா? அடுத்தது.

"இந்த காமிக்ஸ் எல்லாம் வெள்ளைக்காரன் திமிர், இனவெறி." இதில் உண்மை இருக்கிறது. 1938 ஜூலையில் வந்த முதல் பீனோவின் தலைப்பிலேயே ஒரு கறுப்பினச் சிறுவனைக் கேலிப்படமாக வைத்திருந்தார்கள். அசிங்கம். ஆனால் 1979இல் பேட் மில்ஸ் எழுதி ஜோ கோகூன் வரைந்த 'சார்லிஸ் வார்' என்ற தொடரும் இதே நாட்டுப் பிள்ளைகளுக்கான வார இதழில்தான் வந்தது. வயதைப் பொய் சொல்லி முதல் உலகப் போருக்குப் போகிற பதினாறு வயதுப் பையனின் கதை. ராணுவ அதிகாரிகளின் முட்டாள்தனத்தை அந்தக் கிழி கிழித்த இன்னொன்றைக் காட்டுங்கள், பேசுவோம்.

அப்புறம் அந்தச் "சின்னப்பசங்க" என்ற ஏளனம். எனக்கு வலித்தது அதுதான். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தாள் தட்டுப்பாடு, பீனோ ஒரு வாரம், டேண்டி மறுவாரம் என்று மாற்றி மாற்றி வந்தன. உணவு ரேஷன் 1954 வரை நீடித்தது. அப்போதைய பக்கங்களைப் பாருங்கள். கதையின் கடைசிப் படக்கட்டத்தில் பையனுக்குப் பரிசு கிடைத்தால், மலை போல மசித்த உருளைக்கிழங்கு, அதில் நாலா பக்கமும் குத்தி நிற்கிற சாசேஜ்கள். ரேஷன் தட்டை வழித்துச் சாப்பிட்ட பிள்ளைக்கு அதுதான் கனவு என்று வரைந்தவனுக்குத் தெரிந்திருந்தது. 1950இல் பீனோ வாரத்துக்குக் கிட்டத்தட்ட 20 லட்சம் பிரதி விற்றது சும்மா இல்லை. சின்னப்பசங்களை இவ்வளவு மதித்தவர்களைப் பெரியவர்கள் நாம் மதிக்க மாட்டோம், சரி.

அந்தப் பழைய ஃப்ளீட்வே காமிக்ஸ் உரிமைகளை 2016இலும் 2018இலும் ரெபெல்லியன் என்ற நிறுவனம் வாங்கிவிட்டது. ஸ்டீல் க்ளாவை மறுபதிப்பும் செய்தார்கள், எழுதிய கென் புல்மர், வரைந்த பிளாஸ்கோ இருவர் பெயரோடும். வியாபாரம் பண்ணுகிறவர்களுக்கே உறைத்திருக்கிறது. காமிக்ஸ் காதலர்கள் என்று பேட்ஜ் குத்திக்கொண்டு திரிகிற நமக்கு உறைக்கவில்லை.

இந்தப் பதிவுக்காக என்னை அன்ஃப்ரெண்ட் செய்யப் போவதாகச் சொன்ன நண்பர் தாராளமாகச் செய்யலாம். போவதற்கு முன்னால், என்னிடம் வாங்கிப்போன ஸ்பைடர் புத்தகங்களைத் திருப்பித் தந்துவிட்டால் நல்லது.