உடன்பிறப்பு இல்லாத கப்பல்கள்

விமானந்தாங்கிக் கப்பல் என்றாலே எத்தனை டன், எத்தனை விமானம் என்றுதான் பேச்சு ஓடுகிறது. நீராவி தரும் பாய்லரின் டிரம்மில் (நீர் நிற்கும் உருளைக் கலத்தில்) விரிசல் விட்டால் மாற்று டிரம் எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்பதில்லை. கப்பலின் ஆயுள் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரின் நடுவே பிரிட்டன் 16 இலகு ரக விமானந்தாங்கிகளைக் கட்ட ஆர்டர் கொடுத்தது. போர்க்கப்பல் கட்டிப் பழகாத தளங்களிலும் கட்ட வேண்டியிருந்ததால், விக்கர்ஸ் நிறுவனம் உடற்பகுதியைப் பெரும்பாலும் வணிகக் கப்பல் விதிப்படி வரைந்தது. கவசம் கிடையாது. 3 ஆண்டு, அல்லது போர் முடியும் வரை தாங்கினால் போதும் என்று கணக்குப் போட்டார்கள். உள்ளே 4 பாய்லர்கள், 2 டர்பைன் தொகுதிகள், 40,000 குதிரைத்திறன். ஒரே டார்பிடோவில் இரண்டு தொகுதிகளும் போய்விடாதபடி ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் தள்ளி வைத்தார்கள்.

அந்த 3 ஆண்டுக் கப்பல்களில் ஒன்றுதான் நம் பழைய விக்ராந்த். 1961 முதல் 1997 வரை உழைத்தது. பிரேசிலின் மினாஸ் ஜெராயிஸ் 1945-ல் பிரிட்டனிடம் சேவையைத் தொடங்கி 2001 வரை ஓடியது. ஒரே வரைபடத்தில் பிறந்த உடன்பிறப்புகள் பல கடற்படைகளில் இருந்தது இதற்குப் பெரிய காரணம். 1968-ல் நெதர்லாந்தின் கரேல் டோர்மன் பாய்லர் அறையில் தீப்பிடித்தபோது, 1946-ல் பாதிக் கட்டுமானத்தில் கைவிடப்பட்ட லெவியதனின் பாய்லர்களைக் கழற்றிப் பொருத்தினார்கள். கனடாவின் போனவென்ச்சர் உடைக்கப்பட்டபோது அதன் கேட்டபல்ட் (விமானத்தைத் தளத்திலிருந்து உந்தி ஏவும் கருவி) பாகங்கள் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னுக்குப் போயின. இது சாதாரண விஷயமில்லை. நீராவி கேட்டபல்ட்டின் உருளை நெடுக ஒரு பிளவு ஓடும். பிஸ்டன் கடக்கும்போது அதை மூடும் சீல் பட்டை தேய்ந்தால் நீராவி கசியும், தள்ளுவிசை குறையும். அந்த உருளைகளைப் புதிதாகக் கடைந்து தர அப்போது யாரும் வரிசையில் நிற்கவில்லை.

1971 போருக்கு முன் விக்ராந்தின் ஒரு பாய்லரில் நீர் டிரம் விரிசல் விட்டது. வெல்டிங்கும் உதவவில்லை. டிரம்மின் சுவரில் குழாய்கள் பொருந்தும் நூற்றுக்கணக்கான துளைகள் இருக்கும். துளைக்கும் துளைக்கும் இடைப்பட்ட உலோகத்தில் விரிசல் ஓடினால், வெல்டிங் சூடே அடுத்த விரிசலுக்கு வழி வைக்கும். மாற்றுவதென்றால் மேல்தளத் தகடுகளை வெட்டித் திறந்து, குழாய்களை அறுத்து, புதிய டிரம்மை இறக்கி, குழாய் முனைகளை விரித்துப் பொருத்தி, நீரழுத்தச் சோதனை செய்ய வேண்டும். டிரம் பிரிட்டனிலிருந்து வந்தாக வேண்டும். போரோ வாசலில் நின்றது. மூன்று பாய்லர்களோடு போய்த்தான் சிட்டகாங், காக்ஸ் பஜார் மீது தாக்குதல் நடத்தியது. அதிலிருந்த சீ ஹாக்கும் அலிசேயும் எடை குறைந்த விமானங்கள் என்பது கைகொடுத்தது. கப்பலின் வேகம், எதிர்க்காற்று, கேட்டபல்ட் மூன்றும் சேர்ந்துதான் விமானத்தைத் தூக்கும். பழைய கரேல் டோர்மன்தான் பிறகு அர்ஜென்டினாவின் வெயின்டிசின்கோ தே மாயோ ஆனது. பிரிட்டனுடனான ஃபாக்லாந்து போரில், 1982 மே 2 அன்று காற்று ஓய்ந்துவிட, குண்டேற்றிய ஸ்கைஹாக் விமானங்களை அதனால் ஏவ முடியவில்லை. கடைசியில் அதன் பாகங்களும் மினாஸ் ஜெராயிஸுக்குப் போயின.

இன்றைய நிலை கவலை தருகிறது. ரஷ்யாவிடம் வாங்கிய விக்ரமாதித்யா விமானந்தாங்கியில் 8 பாய்லர்கள். 2012 சோதனை ஓட்டத்தில் வெப்பக்காப்புச் செங்கல் உதிர்ந்து 7 பாய்லர்கள் பழுதாயின. அதன் மூத்த உடன்பிறப்புகளில் இரண்டு சீனாவுக்குக் காட்சிப்பொருளாகப் போயின. ஒன்று தென்கொரியாவில் உடைக்கப்பட்டது. கழற்றி எடுக்க எதுவும் மிச்சமில்லை.

புதிய விக்ராந்தில் 4 எல்எம்2500 எரிவாயு டர்பைன்கள் வைத்தது மிக நல்ல முடிவு. உலகெங்கும் ஓடும் எஞ்சின் அது. நம் ஷிவாலிக் ரகக் கப்பல்களிலும் இருக்கிறது. பழுதானால் முழு எஞ்சினையே தூக்கி மாற்றலாம். ஆனால் கியர்பாக்ஸ், தண்டு, லிஃப்ட் எல்லாம் அந்த ஒரே கப்பலுக்கென அமைந்தவை. ஆகவே 65,000 டன்னில் இன்னும் பெரிய விமானந்தாங்கி என்ற கனவுக்குக் காத்திருக்காமல், அதே வரைபடத்தில் இரண்டாவது கப்பலைக் கொச்சியில் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கியர்பாக்ஸ், தண்டுகளுக்கான மாற்று செட்டையும் அதே ஆர்டரில் சேர்க்க வேண்டும். வார்ப்பு அச்சுகளைக் கலைத்த பிறகு கேட்டால், ஒற்றைத் துண்டுக்காக யாரும் அதை மறுபடி செய்து தரமாட்டார்கள்.