ஹெட்போன் போட என்ன கேடு?

நேற்று ராத்திரி ஃபைல் வந்து சேர்ந்தது. திறந்தால் கடக், கடக், கடக். 52 நிமிடப் பேட்டியில் 52 நிமிடமும் மின்விசிறிதான் பேசுகிறது. பெரியவர் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து முனகுகிறார்.

நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் செய்கிற பெரியவர். 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதே நாகஸ்வரம். அவரை உட்கார வைக்க மூன்று மாதம் நடையாய் நடந்தேன்.

கேமராக்காரர் 4கே கேமரா, மூன்று லென்ஸ், இரண்டு எல்இடி லைட், ஒரு ட்ரோன் என்று வந்து இறங்கினார். திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறவருக்கு ட்ரோன் எதற்கு? ஹெட்போன் மட்டும் கொண்டுவரவில்லை.

"தம்பி, ஒரு தடவை சவுண்ட் கேட்டுப் பார்த்துடலாமா?"

"சவுண்ட் மீட்டர் ஆடுது சார், பிரச்சினை இல்ல."

மீட்டர் ஆடத்தான் செய்யும்! ஃபேனுக்கும் ஆடும், தெருவில் போகிற புல்லட்டுக்கும் ஆடும். சரி, ஃபேனையாவது நிறுத்தலாமா என்றேன். "பெரியவருக்கு வேர்க்கும் சார், எடிட்டிங்ல எடுத்துடலாம்." எதை எடுப்பாய்? ஃபேனை எடுத்தால் குரலும் சேர்ந்து தகர டப்பாவாகிறது. ராத்திரி முழுக்க அதைத்தான் செய்து பார்த்தேன்.

கொடுமை என்னவென்றால், பெரியவர் சட்டையில் காலர் மைக் குத்தியிருந்தது. மைக் நன்றாகத்தான் வேலை செய்தது. கேமரா மெனுவில்தான் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. பத்தடி தள்ளி, ஃபேனுக்கு நேர் கீழே நின்ற கேமராவின் சொந்த மைக்தான் மொத்தத்தையும் பதிந்திருக்கிறது. ஹெட்போனைக் காதில் வைத்திருந்தால் ஐந்து வினாடியில் தெரிந்திருக்கும். ஐந்தே வினாடி!

படமாவது உருப்படியா? பழைய சோக் போட்ட ட்யூப்லைட் எரிகிற அறையில் நொடிக்கு 30 ஃப்ரேம், ஷட்டர் 1/60 வினாடி. இந்த ட்யூப்லைட் மின்சாரத்தின் துடிப்புக்கு ஏற்ப மினுக்கும், ஷட்டர் அதோடு ஒத்துப்போக வேண்டும். அது 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் இருக்கிற அமெரிக்காவுக்குச் சரி. நம்மூரில் 50 ஹெர்ட்ஸ், ஷட்டரை 1/50-இல் வைக்க வேண்டும். பெரியவர் முகத்தில் இருட்டு பட்டை பட்டையாக ஊர்ந்துகொண்டே இருக்கிறது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். நடுவில் ஓர் இடம். பழைய வீடு இடிக்கும்போது கிடைக்கிற ஆச்சா மர உத்திரம்தான் வேண்டும், புது மரம் ஆகாது என்று சொல்லிக்கொண்டே வந்தவர், ஒரு துண்டை மடியில் வைத்து விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினார். "கேட்டீங்களா? இது பாடும்." இன்னொரு துண்டைத் தட்டினார். "இது பாடாது." அந்த அறையில் எனக்கு வித்தியாசம் துல்லியமாகக் கேட்டது, கை மயிர் நின்றது. ஃபைலில் இரண்டு துண்டும் ஒரே சத்தம்தான். கடக்.

காலையில் பெரியவருக்குப் போன் செய்தேன். "அதான் அன்னிக்கே எல்லாத்தையும் சொல்லிட்டேனே தம்பி" என்றார். கேட்டால் மறுபடி உட்காருவார், நல்ல மனுஷர். ஆனால் அவர் அப்பாவைப் பற்றிப் பேசும்போது குரல் உடைந்து நிறுத்தினாரே, இன்னொரு தடவை உடையுங்கள் என்று எந்த வாயால் கேட்பது?

மத்தியானம் பில் வந்தது. அதில் ‘ஆடியோ: 2,000 ரூபாய்’ என்று தனியாக ஒரு வரி. தர மாட்டேன். ட்ரோனுக்கும் தர மாட்டேன்.

அப்புறம் அந்தக் காபி. பெரியவர் வீட்டம்மா நுரை பொங்க ஆற்றிக் கொண்டுவந்து வைத்தார். "ஃப்ரேம்ல டம்ளர் வருது சார்" என்று தூக்கி ஜன்னலில் வைத்தார் இந்த மனிதர். ஆடை படிந்து ஆறிப்போய் அப்படியே கிடந்தது. கிளம்பும்போது அந்தம்மா டம்ளரைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போனார்.