கப்பல் கதை

சனிக்கிழமைக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். காணொளியைப் பார்த்துவிட்டு உள்பெட்டியில் ஆறுதல் சொன்னவர்களும் உண்டு. ஆகவே யார், எங்கே என்று மறுபடி விவரிக்கப் போவதில்லை. அமெரிக்க விடுதலைப் போரைப் பற்றி ஒரு மணி நேரம் அழகாகப் பேசிய அந்த நண்பர், ஏர் பிடித்த கைகள் துப்பாக்கி பிடித்துப் பேரரசை வீழ்த்தின என்று முடித்தபோது, நான் எழுந்து, 1781 செப்டம்பரில் அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள செசபீக் விரிகுடாவின் வாயை அடைத்து நின்ற பிரெஞ்சுக் கப்பல்களைப் பற்றி ஒரு சொல்கூட வரவில்லையே என்று கேட்டேன். "ஐயா, அந்தக் கப்பல் கதையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்" என்றார். அவை சிரித்தது. சிரித்தவர்களில் என் நண்பர்கள் மூவரும் இருந்தார்கள்.

அந்த இன்னொரு நாள் வரப்போவதில்லை என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடலைத் தங்கள் கையில் வைத்திருந்த வரை பிரிட்டிஷார் அந்தப் போரில் முழுமையாகத் தோற்கவில்லை. சில வாரங்கள் கடல் கைவிட்டுப் போனபோது தோற்றார்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

1776 மார்ச்சில் பாஸ்டனிலிருந்து அவர்களை விரட்டினார்கள் என்று நாம் படிக்கிறோம். விரட்டப்பட்ட படை எங்கே போனது? கப்பலேறிப் போனது. அதே கோடையில் முப்பதாயிரத்துக்கும் அதிகமான வீரர்களுடன் நியூயார்க்கில் வந்து இறங்கி, அமெரிக்கப் படைத்தலைவர் வாஷிங்டனை அங்கிருந்து துரத்தியது. அடுத்த ஆண்டு செசபீக் வழியாக வந்து பிலடெல்பியாவைப் பிடித்தார்கள். 1778 கடைசியில் சவான்னா, 1780 மே மாதத்தில் சார்ல்ஸ்டன், எல்லாம் கடல்வழிதான். ஓரிடத்தில் அடித்தால் கப்பலேறி வேறொரு கரையில் இறங்கிவிடும் படையை, நிலத்தில் நடந்து துரத்துகிறவன் எப்படி ஒழிக்க முடியும்?

செசபீக்கை ஒட்டிய யார்க்டவுனில் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் முகாமிட்டதும் இந்த நம்பிக்கையில்தான். இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலமுனையில், முதுகுப்பக்கம் தண்ணீரை வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்தது முட்டாள்தனத்தால் அல்ல. அந்தத் தண்ணீர் தங்களுடையது என்றே அதுவரை பழகியிருந்தார்கள். 1781 ஆகஸ்டில் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி டி கிராஸ் வந்து சேர்ந்தார். வணிகக் கப்பல்களுக்குத் துணையாகப் போகவேண்டிய போர்க்கப்பல்களையும் விட்டுவைக்காமல், வரிசை கட்டிப் பீரங்கி சுடும் 28 பெரிய கப்பல்களையும் மூவாயிரத்துச் சொச்சம் வீரர்களையும், ஹவானாவில் திரட்டிய பணத்தையும் அவர் கொண்டுவந்தார். செப்டம்பர் 5 அன்று பிரிட்டிஷ் தளபதி கிரேவ்ஸ் 19 கப்பல்களுடன் வந்தபோது, கரையில் வேலையாயிருந்த மாலுமிகளைக்கூடத் திரும்ப அழைக்க நேரமின்றி நங்கூரக் கயிறுகளைத் துண்டித்துவிட்டு 24 பிரெஞ்சுக் கப்பல்கள் வெளியேறின. மாலை நான்கு மணிக்குத் தொடங்கிய சண்டை பொழுது சாய்வதற்குள் முடிந்தது. கிரேவ்சின் கொடிச் சைகைகள் ஒன்றோடொன்று முரண்பட்டதால் ஹூட் தலைமையில் இருந்த பின்வரிசை ஏறக்குறைய சுடவே இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் ஒரு கப்பலைக்கூட இழக்கவில்லை. இரு அணிகளும் சில நாட்கள் கடலில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்த இடைவெளியில், பரா என்ற இன்னொரு பிரெஞ்சுத் தளபதி நியூபோர்ட்டிலிருந்து முற்றுகைப் பீரங்கிகளோடு விரிகுடாவுக்குள் நுழைந்துவிட்டார். அக்டோபர் 9 அன்று யார்க்டவுன் மீது முழங்கத் தொடங்கிய கனரகப் பீரங்கிகளில் அவையும் இருந்தன. நிச்சயமாக ஏரோடு வந்தவை அல்ல.

கார்ன்வாலிஸ் அக்டோபர் 19 அன்று சரணடைந்தார். அவரை மீட்க ஏழாயிரம் வீரர்களோடு நியூயார்க்கிலிருந்து கப்பல்கள் கடலுக்குள் இறங்கியதும் அதே அக்டோபர் 19 அன்றுதான்.

என் தந்தையார் கடலூர் துறைமுகத்தில் தோணியில் வேலை பார்த்தவர். அங்கே பெரிய கப்பல் கரையை ஒட்டி வராது. தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும், சரக்கைத் தோணிகளில் இறக்கிக் கொண்டுவர வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் கடல் பொங்கினால் தோணி போகாது, கூலியும் கிடையாது. அந்த நாட்களில் அப்பா கரையில் நின்று, "கப்பல் கண்ணுக்குத் தெரியுது, மூட்டை கைக்கு வரலையே" என்பார். நான் கல்லூரியில் யார்க்டவுனைப் பற்றிப் படித்தபோது கார்ன்வாலிசின் நிலையைப் புரிந்துகொள்ள எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அவருக்கோ கப்பல் கண்ணுக்கும் தெரியவில்லை.

"அப்படியானால் உழவர்களின் தியாகத்தைச் சிறுமைப்படுத்துகிறீர்களா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. எத்தனை முறை சொல்வது, இல்லை. பனியில் காலணி இல்லாமல் நின்றவர்களை நான் மறக்கவில்லை. ஆனால் அந்தப் படையின் தலைவரே என் பக்கம் நிற்கும்போது நான் யாருக்கு அஞ்ச வேண்டும்? தீர்க்கமான கடற்படை இல்லாமல் நம்மால் எதையும் முடித்துவைக்க முடியாது என்று, வெற்றி கிடைத்த அடுத்த மாதமே வாஷிங்டன் தன்னோடு போரிட்ட பிரெஞ்சுக்காரர் லஃபாயெத்துக்கு எழுதினார். டி கிராஸ் வந்துவிட்டார் என்ற செய்தி கிடைத்த அன்று, யாரிடமும் நெருங்கிப் பழகாத அந்த மனிதர், ஒரு கையில் தொப்பியையும் மறு கையில் கைக்குட்டையையும் வீசிக்கொண்டு ஆற்றங்கரையில் நின்று பிரெஞ்சுத் தரைப்படைத் தளபதி ரோஷாம்போவைக் கட்டிக்கொண்டார். அவருக்குக் கப்பல் கதை பிடித்திருந்தது போலும்.

சரட்டோகாவில் கப்பல் ஏது என்று இன்னொருவர் மடக்கப் பார்க்கிறார். 1777இல் அங்கே அமெரிக்கருக்குக் கிடைத்த வெற்றி நிலத்தில் கிடைத்ததுதான், மறுக்கவில்லை. அந்த வெற்றிக்குப் பிறகுதான் 1778 பிப்ரவரியில் பிரான்ஸ் உடன்படிக்கை செய்தது. உடன்படிக்கையோடு வந்தவை கப்பல்கள். தெற்கே அமெரிக்கத் தளபதி கிரீன் நடத்திய போராட்டத்துக்கு ஒரு நியாயம் உண்டு, அதைத் தனியாகப் பேசலாம். 1778இல் நியூபோர்ட்டிலும் 1779இல் சவான்னாவிலும் இதே பிரெஞ்சுக் கடற்படை சொதப்பியதே என்றால், ஆம், சொதப்பியது. இரண்டு இடங்களிலும் பிரிட்டிஷார் கையிலிருந்த நகரம் விழாமல் தப்பியது. இது யாருடைய வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது என்று கேட்டவரே யோசிக்கட்டும்.

பிரெஞ்சு மன்னர் விடுதலை வேட்கையால் உதவவில்லை, இங்கிலாந்தின் மீதிருந்த பகையால் உதவினார் என்பதும் எனக்குத் தெரியும். நான் மன்னருக்கு மாலை போடச் சொல்லவில்லை. அந்தக் கப்பல்களில் பாய்மரம் ஏறியவனை, பீரங்கிக்கு மருந்து சுமந்தவனை, ஒரு வாக்கியத்தில் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன். செப்டம்பர் 5 அன்று பிரிட்டிஷ் கப்பல்களில் மட்டும் 90 பேர் செத்தார்கள், 246 பேர் காயமடைந்தார்கள். இது ஒரு கதையாம், நாம் சிரிக்கலாமாம்.

அந்தச் சிரிப்பு இரண்டு நாளாக என்னை விடவில்லை. கடல் என்றாலே ஒரு பக்கவிஷயம், கடலில் உழைப்பவன் என்றாலே ஒரு பக்கப்பாத்திரம் என்ற மனோபாவத்தைச் சிறு வயதிலிருந்து பார்த்து வருகிறேன். பள்ளியில் தந்தையின் தொழில் என்ன என்று கேட்ட ஆசிரியர், தோணி என்றதும் "அதெல்லாம் ஒரு தொழிலா" என்று கேட்டபோதும் வகுப்பு சிரித்தது.

இந்தப் போருக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்ட நண்பருக்கு ஒன்று. அதன் கடைசிக் கடற்சண்டைகளில் ஒன்று எங்கள் ஊருக்கு எதிரில்தான் நடந்தது. 1783 ஜூன் 20 அன்று பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சஃப்ரென் 15 கப்பல்களோடு, பிரிட்டிஷ் தளபதி ஹியூசின் 18 கப்பல்களைக் கடலூருக்கு வெளியே எதிர்கொண்டார். ஊருக்குள்ளே புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை பிரிட்டிஷ் முற்றுகையில் சிக்கியிருந்தது. குடிநீர் குறைந்து, ஸ்கர்வி நோயால் மாலுமிகள் விழுந்துகொண்டிருந்த நிலையில் ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார். முற்றுகையிட்டவர்களுக்குக் கடல்வழி உதவி நின்றுபோனது. சில நாட்களில் சமாதானச் செய்தியும் வந்தது. பிரிட்டனும் பிரான்சும் அந்த ஜனவரியிலேயே முன்னோட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தன. செய்தி கப்பலில் வரும் மெதுவில், கையெழுத்தான பிறகும் ஐந்து மாதம் எங்கள் கடலில் மனிதர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு அழைப்பு வந்திருக்கிறது. பேசுபவர் அதே நண்பர், பொருள் கார்ன்வாலிசும் திப்புவும். யார்க்டவுனில் தோற்ற அதே கார்ன்வாலிஸ்தான். நான் முன்வரிசையிலேயே உட்காரப் போகிறேன். 1790 டிசம்பரில் கல்கத்தாவிலிருந்து சென்னைக்கு அவர் எதில் வந்து இறங்கினார் என்ற ஒரே ஒரு கேள்வி என்னிடம் இருக்கிறது.