தகப்பனுக்குப் பாடினால் மரியாதை கெடுமா?

ஒரு தகப்பன் இறந்த முப்பத்தோராம் நாள் காரியத்தில் நடந்ததைப் பாதிப் பேர் நேரிலும் மிச்சப் பேர் வீடியோவிலும் பார்த்துவிட்டீர்கள். பார்க்காதவர்களுக்கு ஒரு வரி. தகப்பனின் படத்துக்கு முன்னால் கிற்றாரோடு இருந்து யூ2 என்ற றொக் குழுவின் பாட்டொன்றைப் பாடிய பொடியனின் மைக்கைப் பாதியில் நிறுத்தினார்களே, அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை. "செத்தவீட்டுக் காரியத்தில இங்கிலீசு றொக் பாட்டோ?" என்று கேட்டவர் எனக்கும் சொந்தம்தான். நேரிலும் சொல்லிவிட்டேன், இங்கேயும் எழுதுகிறேன்.

அது ஆட்டம் போடுகிற பாட்டு இல்லை. ஒரு மகன் தன் தகப்பனின் இறுதிச் சடங்கிலேயே பாடிய பாட்டு.

யூ2 குழு 1976இல் அயர்லாந்தின் டப்ளினில் பள்ளிக்கூடப் பொடியங்கள் சேர்ந்து தொடங்கியது. பாடகர் போனோவின் தகப்பன் 2001 ஓகஸ்டில் புற்றுநோயால் இறந்தார். தபால் இலாகாவில் வேலை செய்த மனுசன், ஒப்பெரா என்றால் உயிர். மகனோடு மனம்விட்டுக் கதைத்ததில்லை. அவருக்காக எழுதியதுதான் 'சம்டைம்ஸ் யூ கான்ட் மேக் இட் ஆன் யுவர் ஓன்'. 2004இல் இசைத்தட்டில் வந்தது, 2006இல் ஆண்டின் சிறந்த பாடலுக்கான கிராமி விருதும் கிடைத்தது. விருதை விடுங்கள். பாட்டைக் கேளுங்கள்.

தகப்பனை அதில் தெய்வமாக்கவில்லை. நாங்கள் எப்பவும் சண்டை பிடித்தோம், இரண்டு பேரும் ஒரே பிறவிதானே என்கிறார். எல்லாவற்றையும் தனியத் தாங்காதீர்கள், கொஞ்சத்தை என்னிடம் தாருங்கள் என்று கெஞ்சுகிறார். கிற்றார் அடங்கியே வரும், ட்ரம்ஸும் அவசரப்படாது. நான் பாடுவதே உங்களால்தான் என்று ஒப்பெராவைச் சொல்லும் இடத்தில், அடக்கி வைத்த குரலை ஒரேயடியாக உச்சத்துக்குத் தூக்குவார். அந்த இடம் வருவதற்கு முன்னமே எங்கள் ஆட்கள் மைக்கை நிறுத்திவிட்டார்கள்.

"எங்கட பண்பாட்டில இது இல்லை" என்கிறீர்கள். முள்ளியவளைப் பக்கம் கோவலன் கூத்தில் கண்ணகி அழும்போது விடிய விடிய இருந்து கண்ணைத் துடைத்த சனம்தானே நாங்கள்? ஒப்பாரி யாருடையது? இறந்தவரைப் பற்றி அச்சடித்துக் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகத்தில் மட்டும் எல்லாத் தகப்பன்மாரும் ஒரே அச்சில் வார்த்த உத்தமர்களாக இருக்கிறார்கள். அந்தப் பொடியன் தன் அப்பாவை உள்ளபடி சொன்னான். மரியாதைக் குறைவு எங்கே வந்தது?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், என் அப்பா. தொண்ணூறுகளில் வன்னிக்குள் கரண்டும் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து றேடியோவுக்குக் கொடுப்பார். பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. கை தளர்ந்தால் சீர்காழியின் குரல் கம்மிப்போகும். அப்பா ஏச மாட்டார், காலால் என் முழங்காலைத் தட்டுவார். நாங்கள் இரண்டு பேரும் கதைத்துக்கொண்டது பெரும்பாலும் அவ்வளவுதான்.

2009க்குப் பிறகு அண்ணாவின் பெயரை அவர் வாயால் நான் கேட்கவே இல்லை. போனோவுக்குப் பதினாலு வயதில் தாய் இறந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் தாயைப் பற்றிப் பேச்சே இல்லையாம். அதை வாசித்தபோது டப்ளின் எனக்குத் தூரமாகத் தெரியவில்லை. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கான போராட்டம் தொடங்கியது. அப்பாவும் போனார். அம்மாமார் அழுதார்கள், மைக்கைப் பிடித்துக் கேள்வி கேட்டார்கள். அப்பா அண்ணாவின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, லமினேற் பண்ணிய அதன் விளிம்பை நகத்தால் உரித்துக்கொண்டே இருந்தார். ஒரு சொல் இல்லை. அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டார். அவருக்கு ஆர் சொல்லிக் கொடுத்தது, ஆம்பிளை வாய் திறக்கக் கூடாது என்று? இப்படி மைக்கை நிறுத்துகிறவர்கள்தான்.

"வீட்டுச் சங்கதியைச் சபையில ஏன் சொல்லுவான்?" என்றும் ஒருவர் கேட்டார். சபையில் சொல்லாமல் எங்கே சொல்வது அண்ணை? வீட்டில் சொல்லத்தான் விடுகிறீர்களா? போனோ பணக்காரர், வரிக்காகத் தொழிலில் ஒரு பகுதியை நெதர்லாந்துக்கு மாற்றிய குழு என்றும் சொல்வீர்கள். 2006இல் மாற்றினார்கள், உண்மை. அதற்காகத் தகப்பனை இழந்தது பொய்யாகிவிடாது. அதில் எனக்கு வேறு கதை இல்லை.

இன்னும் திட்ட வருகிறவர்கள் முதலில் அந்தப் பாட்டை முழுதாகக் கேளுங்கள், ஐந்து நிமிசம்தான். அந்த உச்சக் குரல் முடிந்த பிறகு வந்து எழுதுங்கள். பதில் சொல்கிறேன்.