டவுன்கிரேடு போடச் சொல்லிவிட்டுத் தூங்கப் போனவர்களுக்கு

சனிக்கிழமை ராத்திரி நம் லினக்ஸ் குழுவில் நடந்ததை முழுசாக எழுதப் போவதில்லை. பெரும்பாலானவர்கள் பார்த்திருப்பீர்கள். மேலூர்த் தம்பி கேட்டது இவ்வளவுதான்: "அண்ணே, சிட்ல அப்டேட் போட்டதும் வைஃபை போயிடுச்சு, என்ன பண்ண?" (டெபியன் லினக்ஸில் புதுசெல்லாம் முதலில் வந்து விழும் அன்ஸ்டேபிள் பதிப்புதான் சிட்; ஸ்டேபிள் என்பது நிலையான பதிப்பு.) உடனே பதில் வந்துவிட்டது. ஸ்டேபிள் வரியைச் சேர், 'பின்' (முன்னுரிமை எண்) 1001 போடு, ஃபுல்-அப்கிரேடு அடி, முடிஞ்சது. அதாவது எல்லாப் பேக்கேஜையும் (நிரல் தொகுப்பு) ஸ்டேபிளின் பழைய பதிப்புக்கு இறக்கு, டவுன்கிரேடு செய் என்று அர்த்தம். அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். "அவசரப்படாதீங்க தம்பி, டவுன்கிரேடு வேண்டாம்" என்று நான் எழுதியதற்குச் சிரிப்புப் பொம்மைகள். "சாருக்கு உபுண்டுதான் செட் ஆகும்" என்று ஒருவர் (புதிதாக வருபவர்களுக்கான லினக்ஸ் என்ற கிண்டல்). அதுவரை என்னை அண்ணே என்று கூப்பிட்டவர் அவர்.

சிரித்தது போகட்டும். விஷயத்துக்கு வருகிறேன். டவுன்கிரேடு என்பது அன்டூ கிடையாது. பழைய எண்ணுள்ள பேக்கேஜைப் போட்டால் பழைய நிலைமை திரும்பி வந்துவிடாது. டெபியனில் பல பேக்கேஜ்களுக்குள் நிறுவும்போது ஓடுகிற ஸ்கிரிப்ட் இருக்கிறது. எந்தப் பதிப்பிலிருந்து வருகிறாய் என்று பார்த்து, அது கான்ஃபிக் (அமைப்பு) கோப்புகளை இடம் மாற்றும், தரவின் வடிவத்தை மாற்றும். இதெல்லாம் பழையதிலிருந்து புதியதுக்குப் போக மட்டும் எழுதப்பட்டது. திரும்பி வரும் வழியைப் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை, சோதிப்பதுமில்லை. தைத்த சட்டையைப் பிரித்தால் முழுத்துணி கிடைக்குமா என்று மதுரைப் புதுமண்டபத்தில் கடை வைத்திருந்த எந்தத் தையல்காரரைக் கேட்டாலும் சொல்வார்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. டவுன்கிரேடை டெபியன் ஆதரிப்பதே இல்லை. பேக்கேஜ்களை நிறுவும் கருவியான ஆப்டின் ப்ரிஃபரென்ஸஸ் கையேட்டைத் திறந்து பாருங்கள். முன்னுரிமை எண் ஆயிரமோ அதற்கு மேலோ இருந்தால் பதிப்பைக் கீழே இறக்கியாவது நிறுவும் என்று இருக்கும். ஆப்ட் தானாக வைக்கும் எண் எதுவும் ஆயிரத்தைத் தாண்டாது என்றும், பேக்கேஜைக் கீழே இறக்குவது ஆபத்தாக முடியலாம் என்றும் அதே பக்கத்தில் இருக்கும். 1001 என்ற எண்ணை மட்டும் படித்துவிட்டுப் பக்கத்து வரியை விட்டுவிட்டீர்கள்.

அதுவும் ஒரு பேக்கேஜ் இல்லை, ஒட்டுமொத்த சிஸ்டத்தையும் இறக்கச் சொன்னீர்கள். அதில் லிப்சி6 என்ற அடிப்படை நிரல் நூலகம் (ஜிலிப்சி) இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஓடும் ஏறக்குறைய எல்லா நிரல்களும் அதன் மேல்தான் நிற்கின்றன. 2023 ஆகஸ்டில் ஜிலிப்சி 2.38 வந்தது. அதை வைத்துக் கட்டிய பல நிரல்கள் டெபியன் 12இல் இருக்கிற 2.36இன் மேல் ஓடாது, "ஜிலிப்சி 2.38 கிடைக்கவில்லை" என்று சொல்லி நின்றுவிடும். இப்படிப் புதிய நிரல்களைப் பழைய லிப்சியின் மேல் பாதி வழியில் நிறுத்தினால், சரிசெய்ய வேண்டிய ஆப்டே ஓடாமல் போகலாம். மேலூர்த் தம்பிக்கு நடந்தது அதுதான். பாதியில் பிழை மேல் பிழை. பயந்துபோய் ரீஸ்டார்ட் பண்ணியிருக்கிறான். அதற்குப் பிறகு லாகின் திரையே வரவில்லை. குழுவில் கேட்டான். யாரும் பதில் போடவில்லை. கட்டைவிரல் காட்டிய அத்தனை பேரும் தூங்கிவிட்டீர்கள்.

எனக்கு ஆறாதது இதுதான்: அந்த வைஃபைக்கு டவுன்கிரேடே தேவைப்படவில்லை! புதுக் கெர்னல் (வன்பொருளை இயக்கும் லினக்ஸின் மையப் பகுதி) வந்திருந்தது. டெபியனில் புதுக் கெர்னல் தனிப் பெயரில் வரும், பழையது பக்கத்திலேயே இருக்கும். கம்ப்யூட்டர் தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் இரண்டாவது வரிக்குள் போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் வைஃபை வந்திருக்கும். எந்தக் கெர்னல் ஓடுகிறது என்று அவனிடம் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

"அப்ப டவுன்கிரேடே பண்ணக்கூடாதா?" என்று வருவார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. சிம்மக்கல்லில் நண்பர் ஒருவர் டிடிபி கடை வைத்திருக்கிறார், கல்யாணப் பத்திரிகைதான் முக்கிய வேலை. அவர் கடையிலும் சிட்தான் ஓடுகிறது. ஆவணி முகூர்த்தம் நெருங்கும் நேரத்தில், ஒரு அப்டேட்டுக்குப் பிறகு பிரிண்டர் வெள்ளைத் தாளாகத் துப்பியது. வாசலில் மாப்பிள்ளை வீட்டார் நிற்கிறார்கள், நண்பருக்குக் கை நடுங்குகிறது. நான் முதலில், நிறுவியதெல்லாம் பதிவாகும் டிபிகேஜி லாகைத் திறந்து, அன்றைக்கு மாறியது என்னென்ன என்று பார்த்தேன். அச்சுக்குப் போகும் கோப்பை மாற்றித் தரும் சின்னப் பேக்கேஜ் ஒன்றுதான் சந்தேகத்துக்கு இடமாக இருந்தது. வேறு எதுவும் அதை நம்பி நிற்கவில்லை, அது வைத்திருக்கும் தரவும் எதுவும் இல்லை. பழைய பதிப்புகளைச் சேர்த்து வைக்கும் ஸ்னாப்ஷாட் டெபியன் தளத்தில் முந்தைய தேதிப் பதிப்பை எடுத்தேன். முதலில் வெறும் ஒத்திகையாக ஓட்டி, என்னென்ன நீக்கப்படும் என்று படித்தேன். எதுவும் நீங்காது என்று தெரிந்த பிறகே போட்டேன். மறுபடி தானாக ஏறாமல் ஹோல்டு வைத்தேன், பிழையைப் புகாராக எழுதினேன், திருத்தம் வந்ததும் ஹோல்டை எடுத்தேன். அதுவும் டவுன்கிரேடுதான். ஆனால் எதை இறக்குகிறோம், அதன் மேல் எது நிற்கிறது, எப்போது திரும்ப ஏற்றுவோம் என்ற மூன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது.

"பிடிஆர்எஃப்எஸ் ஸ்னாப்ஷாட் எடுத்து வச்சா கவலையே இல்லையே?" உண்மைதான். ஆனால் அது டவுன்கிரேடே இல்லை, பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறை பிடித்து வைத்த முந்தைய நிலைக்கு அந்தப் பகுதியையே கொண்டுபோவது. தம்பியிடம் அது இல்லை.

அப்புறம் ஒருவர் எக்ஸ்இசட் (கோப்புகளைச் சுருக்கும் நிரல்) கதையை எடுத்துக்கொண்டு வந்தார். நல்லதாயிற்று. 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் அதில் ஒளித்து வைத்திருந்த பின்வாசலை வெளிப்படுத்தினார். டெபியன் சிட்டில் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து நுழையும்) லாகின் அரை விநாடி தாமதமானதைக் கவனித்து, விடாமல் துருவிக் கண்டுபிடித்தார். 5.6.0, 5.6.1 பதிப்புகள் இரண்டிலும் விஷம். உடனே பழைய நிரலுக்குத் திரும்ப வேண்டிய நிலை. டெபியன் என்ன செய்தது தெரியுமா? எண்ணைக் கீழே இறக்கவில்லை. 5.6.1+ரியலி5.4.5 என்று பெயர் வைத்து, உள்ளே பழையதும் வெளியே மேலான எண்ணுமாக அனுப்பியது. எல்லோருக்கும் அது வழக்கமான அப்டேட்டாகவே போய்ச் சேர்ந்தது. அவ்வளவு பெரிய அவசரத்தில்கூட, ஜனங்களைப் பின் 1001 போடச் சொல்லாமல் அந்தச் சுமையைப் பேக்கேஜ் செய்கிறவர்களே தூக்கிக்கொண்டார்கள். நீங்கள் ஒரு வைஃபைக்காகப் போடச் சொன்னீர்கள்.

இன்னொன்று சொன்னார்கள், அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "சிட் போடத் தெரிஞ்சவனுக்கு உடைஞ்சா சரிபண்ணவும் தெரியணும்." யார் அவனுக்குச் சிட் போடச் சொன்னது? நம் குழுவில்தான் "ஸ்டேபிள் எல்லாம் வயசானவங்களுக்கு" என்று பேசிப் பேசி ஏற்றிவிட்டோம். அவனிடம் இருப்பது ஒரே ஒரு லேப்டாப், அதுவும் செகண்ட்ஹேண்ட், அம்மா சீட்டு எடுத்து வாங்கிக் கொடுத்தது. கடைசி வருட ப்ராஜெக்ட் முழுக்க அதில்தான் இருக்கிறது. உடைத்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று சொல்கிறவர்கள் வீட்டில் உடைப்பதற்குத் தனி மெஷின் இருக்கிறது. அவனிடம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் பிடித்து மாட்டுத்தாவணியில் இறங்கி, லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்தபடி என் வீட்டு வாசலில் நின்றான். லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து, முதலில் ப்ராஜெக்டை வெளியே எடுத்தோம். அதைப் பார்த்த பிறகுதான் காபி குடித்தான். பிறகு லைவ் சிஸ்டத்திலிருந்தே சரியான லிப்சியை உள்ளே போட்டு, மற்றதை ஒவ்வொன்றாக நிமிர்த்தினோம். சாயங்காலம் ஆகிவிட்டது. கிளம்பும்போது, "குழுவுல இனிமே எதுவும் கேக்க மாட்டேண்ணே" என்றான். லேப்டாப்பைச் சரிபண்ணிவிட்டேன். இதை எப்படிச் சரிபண்ணுவது?

நான் பயந்தாங்கொள்ளி என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2024 தொடக்கத்தில் நேரத்தை 64 பிட் எண்ணாகச் சேமிக்கும் மாற்றம் சிட்டைப் புரட்டிப் போட்டபோது, ஆப்ட் நீக்கப் போவதாகக் காட்டிய நீளமான பட்டியலைப் பார்த்து "இல்லை" என்று அடித்துவிட்டுக் காத்திருந்தவன்தான் நான். காத்திருப்பதும் ஒரு முடிவு. சிட்டில் உடைந்தது பெரும்பாலும் சில நாளில் திருந்திவிடும். ஆப்ட்-லிஸ்ட்பக்ஸ் போட்டிருந்தால் பெரிய பிழைகளை நிறுவும் முன்பே சொல்லும்.

அந்த மூன்று வரிக் கமாண்ட் இன்னும் குழுவில் அப்படியேதான் இருக்கிறது. நாளைக்கு உசிலம்பட்டியிலிருந்தோ திருமங்கலத்திலிருந்தோ இன்னொரு பிள்ளை தேடி வந்து அதை எடுத்து ஒட்டும். எழுதியவர் இன்று ராத்திரிக்குள் அதை நீக்கிவிட வேண்டும். தம்பியிடம் பேச விருப்பம் இருந்தால் சொல்லுங்கள், அவனிடம் கேட்டுவிட்டு நம்பர் தருகிறேன்.