பயோவா மெட்ஸா என்று மட்டும் கேட்காதீர்கள்

சனிக்கிழமை மண்டபத்தில் பிள்ளைகளை மேடையேற்றிப் பாராட்டியபோது நடந்ததை வீடியோவில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஓ.எல் (சாதாரண தர) பரீட்சையில் 9 பாடத்திலும் ஏ எடுத்த பிள்ளையை மேடைக்குக் கூப்பிட்டு, "பயோவா, மெட்ஸா?" என்று கேட்கிறார் பிரதம அதிதி. ஏ.எல்லில், அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்திய உயர்தரத்தில், உயிரியல் பிரிவா, கணிதப் பிரிவா என்று. "ஆர்ட்ஸ் சேர்" என்கிறாள். "அம்மா அப்பா வந்திருக்கிறாங்களா? எழும்புங்க பார்ப்பம்" என்கிறார் மைக்கில். சபை சிரிக்கிறது. பிள்ளை கழுத்து மாலையின் நூலைத் திருகிக்கொண்டு நிற்கிறாள். எனக்கு இரண்டு நாளாக மனசு ஆறவில்லை.

என்ன படிப்பது என்று படிக்கப்போகிற பிள்ளைதான் சொல்ல வேண்டும். அதிதி இல்லை, ரியூஷன் சேர் இல்லை, பெரியம்மா இல்லை.

"பல்கலைக்கழகம் போக எங்கள் மாவட்டத்துக்கு வெட்டுப்புள்ளி குறைவு, அதை வீணாக்கலாமா?" என்று கேட்பீர்கள். கணக்கு எனக்கும் தெரியும். பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகம். அந்த 16இல் திருகோணமலையும் ஒன்று. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மருத்துவபீடத்துக்கு நம் மாவட்டத்திலிருந்து எத்தனை பேர் போக முடியும்? மற்றவர்கள் இரண்டாம் ஷை, மூன்றாம் ஷை என்று திரும்பத் திரும்பப் பரீட்சை எழுதி வயதைக் கொடுக்கிறார்கள்.

என் அக்கா மகன் அப்படித்தான் கொடுத்தான். வரலாறு என்றால் அவனுக்கு உயிர். பயோ எடுக்க வைத்தார்கள். விடிய ஐந்து மணிக்கு உப்புவெளியிலிருந்து சைக்கிளில் ரியூஷன். அவனுடைய கெமிஸ்ட்ரி கொப்பியை ஒருநாள் பிரித்தேன். கடைசிப் பக்கத்தில் நம் திருகோணமலைக் கோட்டையை யார் எப்போது கட்டினார்கள், பிடித்தார்கள் என்று வரிசையாக எழுதியிருந்தான்: 1624, 1639, 1782 இரண்டு தடவை, 1795. மூன்றாம் ரிசல்ட் வந்த அன்று, சொந்தக்காரர் கேட்பார்கள் என்று அக்கா போனை நிறுத்திவைத்தார். இப்போது ஹாட்வெயார் கடையில் பில் போடுகிறான். அந்த வேலையை நான் குறை சொல்லவில்லை. முன்பு வாய் ஓயாமல் கதைத்த பிள்ளை இப்போது எங்களோடு கதைப்பதே இல்லை. அதைச் சொல்கிறேன்.

"ஆர்ட்ஸ் படித்தால் வேலை எங்கே?" வேலையில்லாப் பட்டதாரிகள் வேலை கேட்டு வீதியில் இருந்ததை நானும் பார்த்தேன், கவலை நியாயம்தான். ஆனால் சட்டபீடத்துக்கு எந்தப் பிரிவிலிருந்தும் விண்ணப்பிக்கலாம். நிர்வாக சேவைப் பரீட்சைக்கு எந்தப் பட்டமும் போதும். இதை மேடையில் ஏன் ஒருவரும் சொல்லவில்லை? நானும் கலைப்பிரிவுதான். சுனாமிக்குப் பிறகு முகாம் முகாமாகப் போய்ப் பெயர்ப்பட்டியல் எழுதியவர்களில் நானும் ஒருத்தி. அன்று எங்களைப் பார்த்து "நீங்கள் என்ன பிரிவு?" என்று யாரும் கேட்கவில்லை.

"பெற்றவர்கள் ஆசைப்படக் கூடாதா?" ஆசைப்படுங்கள். சபையில் வைத்துச் சிரிக்காதீர்கள், அவ்வளவுதான்.

விஞ்ஞானத்தில் இவ்வளவு அக்கறை இருக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். மூதூர், வெருகல் பக்கம் 1சி பாடசாலைகளுக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே ஏ.எல் விஞ்ஞானப் பிரிவே கிடையாது. உண்மையிலேயே பயோ படிக்க ஆசைப்படும் பிள்ளை ரவுணுக்கு வந்து தங்க வேண்டும். வசதி இல்லையென்றால் ஆர்ட்ஸ்தான். அந்தப் பிள்ளையிடமும் யாரும் விருப்பம் கேட்பதில்லை. அடுத்த தடவை மைக் கிடைத்தால் அங்கே ஒரு கெமிஸ்ட்ரி ரீச்சரைப் போடச் சொல்லிக் கேளுங்கள். நானும் வந்து பக்கத்தில் நிற்கிறேன்.